பதினொண்ணாவது படிக்கும் ஒரு மகளுக்காக

திருப்பூர்,
14.7.2024, ஞாயிறு.

கண்ணு நிர்மலாவுக்கு,

அப்பா எழுதறது. கர்த்தருடைய கிருபையில நானும் உங்கம்மாவும் சுகம். நீ சுகமா இருக்கறதுக்கு ஒரு வரி எழுதிப் போடு. என்ற கையெழுத்து, மிசின்ல நூல் அந்து போன தையலாட்டம் அங்கங்க விட்டு விட்டுத்தான் போகும். பத்தாவதையே ரெண்டு தவணையில தாண்டுனவன்கிட்ட இதுக்கு மேல எதிர்பார்க்காதே.

உங்க நர்சிங் காலேஜ் ஹாஸ்டல்ல செல்போனைப் புடுங்கி வெச்சுக்கிட்டதுல எனக்கு ஒரு லாபம், எழுதப் பழகறேன். ஞாயித்துக்கிழமை வார்டன் மேசைப் போன்ல அஞ்சு நிமிசம் தர்றாங்க. "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்பா" தாண்டறதுக்குள்ள அந்தம்மா இருமுது. அதனால தபாலாபீசுக்குப் போயி இன்லேண்ட் லெட்டர் கேட்டேன். கவுண்டர்ல இருந்த புள்ள என்னைச் செத்துப் பொழைச்சு வந்தவனாட்டம் பாத்துச்சு.

கம்பெனியில இப்ப குழந்தைங்க பனியன் ஆர்டர். செக்கிங் மேசையில ஓட்டை இருக்கிற இடத்துல அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டறதே அப்பனோட பொழப்பு. ஊட்டுக்கு வந்தா தோசையிலயும் ஓட்டை தேடறேன்னு உங்கம்மா திட்டு.

நம்ம வாலிபர் கூட்டம் நல்லா நடக்குது. சர்ச்சுக்குப் பின்னாடி அதே தகரக் கொட்டகை, அதே டீ, அதே பன்னு, பதினாலு பேரு. இன்னிக்கு வசனம் கண்டுபிடிக்கிற போட்டி. நாகூம் புஸ்தகம்னு சொன்னதும் நானும் வேகமாப் புரட்டுனேன். நித்தீஷ் பய பக்கத்துல வந்து, "அங்கிள், நாகூம் பழைய ஏற்பாட்டுலீங்க. நீங்க மத்தேயுவைத் தாண்டிப் போயிட்டீங்க. அடுத்த ஸ்டாப்புல எறங்கித் திரும்பி வாங்க"ங்கறான். மொத்தக் கொட்டகையும் சிரிச்சுது. ஒம்பது வருசமா இந்தப் பசங்களுக்கு வழிகாட்டறது நான்தான், பாத்துக்கோ.

இன்னொரு விசயம். செல்லத்தாயை உனக்கு நல்லாத் தெரியுமே, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், அவங்கம்மா பவர் டேபிள்ல தைக்கறாங்க, இங்க வந்தப்புறம் நம்ம சபைக்கு வந்தவங்க. எல்லாரும் போனப்புறம் அந்தப் புள்ள சேரை மடிச்சு மடிச்சு அடுக்கிக்கிட்டே நின்னுச்சு. "அங்கிள், ஒண்ணு சொல்லணும். யாருட்டயும் சொல்லாதீங்க"ன்னுச்சு. கம்பெனி வேன் ஓட்டறானே முனீஸ், அவளோட தாய்மாமன், முப்பத்தொரு வயசு, அவனுக்குத் தை மாசம் கட்டி வெக்கறதா பேச்சாம். "எனக்குப் பன்னெண்டாவது முடிக்கணும் அங்கிள். ஸ்கூல்ல குழந்தைங்க உதவிக்கு 1098-னு நம்பர் ஒட்டியிருக்காங்க. அதுல பேசினா என்ன கேப்பாங்க? எனக்காக நீங்க பேசுவீங்களா?"ன்னுச்சு.

தைக்கு இன்னும் ஆறு மாசம் கெடக்குது. "மொதல்ல ஜெபிப்போம் சாமி, கர்த்தர் வழி திறப்பார்"னு தைரியம் சொல்லி அனுப்பினேன். உடனே ஜெபக்குறிப்புச் சீட்டும் எழுதிப் பெட்டியில போட்டுட்டேன். பேர் போடலை, அப்பன் அவ்வளவு மடையன் இல்ல. "பதினொண்ணாவது படிக்கும் ஒரு மகளுக்காக. தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுக்கும் ஏற்பாடு தடைபட" அப்படின்னு மட்டும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல வாசிப்பாங்க.

ராகி மாவு பார்சல்ல வருது. உங்கம்மா முத்தம் குடுக்கச் சொன்னா. தபால்ல எப்படிக் குடுக்கறதுன்னு தெரியலை.

உன் அப்பா,
பிரபாகர்

*

மதுரை,
18.7.2024.

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா இருக்கேன். லெட்டர் இன்னிக்கு மத்தியானம்தான் வந்தது. நாகூம் கதையை ரூம்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். சிரிச்சுக்கிட்டே மேல படிச்சேன். அப்புறம் சிரிக்க முடியலைப்பா.

நம்ம கூட்டத்துல பதினொண்ணாவது படிக்கிற பொண்ணுங்க எத்தனை பேரு? விரல் விட்டு எண்ணிப் பாருங்க. ஒரு விரல் போதும்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு அவங்கம்மா எப்பவும் வருவாங்க. ஷிப்டை மாத்திக்கிட்டு வருவாங்க. ரெண்டாவது வரிசை, ஃபேனுக்குக் கீழே.

நாளைக்குத்தான் வெள்ளிக்கிழமை. வார்டன்கிட்டப் போய் ஒரே ஒரு போன் பண்ணிக்கிறேன்னு கேட்டேன். வீட்டுல யாராச்சும் இறந்துட்டாங்களான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். அப்போ ஞாயித்துக்கிழமைன்னு சொல்லிட்டாங்க. இறந்துட்டாங்கன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரலை.

இது உங்க கையில கிடைக்கும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும்னு தெரிஞ்சேதான் எழுதறேன்.

நிர்மலா

*

திருப்பூர்,
28.7.2024, ஞாயிறு.

கண்ணு நிர்மலாவுக்கு,

போன வாரம் போன்ல நீ கேட்டப்ப, "அப்புறம் எழுதறேன்"னு சொன்னேன். எழுதறதுக்கு ஒரு வாரம் ஆயிருச்சு. பேனா தீந்து போச்சுன்னு பொய் சொல்லலாம்னு பாத்தேன். பேனா நல்லாத்தான் எழுதுது.

நீ சொன்னபடியேதான் நடந்துச்சு. பாஸ்டரம்மா சீட்டை வாசிச்சிருக்காங்க. எல்லாரும் ஆமென் சொல்லியிருக்காங்க. செல்லத்தாயோட அம்மாவும் கண்ணை மூடிக்கிட்டுச் சத்தமா ஆமென் சொல்லியிருக்காங்க. உங்கம்மா பக்கத்துலதான் உக்காந்திருந்தா. பாஸ்டரம்மா ரெண்டாந்தடவை அதையே சொல்லி ஜெபிக்கறப்ப, மறுபடி ஆமென் சொல்லத் தொறந்த வாய் அப்படியே நின்னுருச்சாம். எந்திரிச்சு, யார் செருப்பையோ மாட்டிக்கிட்டுப் போயிட்டாங்களாம்.

அந்த ஞாயித்துக்கிழமை புள்ள கூட்டத்துக்கு வரலை. திங்கக்கிழமை வேலை முடிஞ்சு அவங்க லைன் வீட்டுக்குப் போனேன். கையில ஒரு பாக்கெட் பன்னு, சாவு வீட்டுக்குப் பூ வாங்கிட்டுப் போறாப்புல. அவங்கம்மா வாசலை விட்டு நகரலை.

"வாங்க அண்ணாச்சி. எங்க வீட்டுக் கதைய மைக்குல போட்டாச்சு, இன்னும் என்ன பாக்கி?"

"நான் பேரு போடலீங்க."

"பேரு எதுக்கு? கதவுல நம்பர் போட்டுட்டு, வீட்டுக்காரன் பேரு போடலன்னு சொல்லுதிய. எம் புருசன் செத்த அன்னைலேருந்து எங்க மூணு பேரையும் எந்தம்பிதான் சொமக்கான். உங்க சபை சொமக்குமா? நீங்க சொமப்பியளா?"

"பதினாறு வயசுங்க அது. சட்டப்படியும் தப்புங்க."

"சட்டம் பேச வந்தியளோ. தையில வச்சிருந்தத ஆவணி மொத முகூர்த்தத்துக்கு மாத்தியாச்சு. புள்ளைய நேத்தே ஊருக்கு அனுப்பியாச்சு. உங்க ஜெபத்துக்குக் கெடச்ச பலன் இதுதான், அண்ணாச்சி."

பன்னைக் கீழ வெக்கவும் முடியலை, திருப்பி எடுத்துட்டு வரவும் முடியலை. பக்கத்து ரூம்ல ஒரு ஒடிசாப் பையன் நின்னு பாத்துக்கிட்டிருந்தான். அவன் கையில குடுத்துட்டு வந்துட்டேன்.

ஆறு மாசம் கெடக்குதுன்னு நெனைச்சேன். நானே அஞ்சு மாசத்தை வெட்டித் தள்ளிட்டேன். கட்டிங் மாஸ்டர் வேலை எனக்கு வராதுன்னு யாரு சொன்னது?

அப்பா

*

மதுரை,
2.8.2024.

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். ராகி மாவு வந்தது.

ஆவணி மாசம் பதினேழாம் தேதி பொறக்குது. நர்சிங் புத்தகத்துக்குள்ள சின்ன காலண்டர் இருக்கு, பார்த்தேன். இன்னும் ரெண்டு வாரம்.

இந்த லெட்டரைப் படிச்சு முடிச்ச உடனே 1098-க்குப் பேசுங்கப்பா. நான் இங்கிருந்து பேசினா எனக்கு எதுவும் தெரியாது. அவ சொன்னது உங்ககிட்டதான். நீங்கதான் சாட்சி.

பாஸ்டரைக் கேக்காதீங்க. செயலாளரைக் கேக்காதீங்க. அம்மாவையும் கேக்க வேண்டாம். அவ உங்களை மட்டும்தான் கேட்டா. அன்னிக்கு அவ கேட்டது போன்தான்பா, ஜெபம் இல்லை.

கோவமா எழுதறேன்னு நினைக்காதீங்க. கோவமாத்தான் எழுதறேன்.

நிர்மலா

*

திருப்பூர்,
11.8.2024, ஞாயிறு.

நிர்மலாவுக்கு,

கேக்காதீங்கன்னு நீ எழுதின மூணு பேர்ல ரெண்டு பேரைக் கேட்டேன். உன்ற அப்பனை உனக்குத் தெரியுமே.

பாஸ்டர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. செயலாளர் அங்கமுத்து அண்ணன்தான் பேசுனாரு. "பிரபாகர், அது புதுசா வந்த குடும்பம். தாய்மாமன் வீட்டு ஆளுங்க நம்ம சபை இல்ல. போலீசு கீலீசுன்னு போனா, சர்ச்சுக்காரங்க குடும்பத்தைப் பிரிக்கறாங்கன்னு ரோட்டுல நின்னு பேசுவாங்க. அப்புறம் கொட்டகையில பதினாலு புள்ளைங்க இல்ல, நாலுகூட வராது. நீ நல்ல மனுசன். நல்ல மனுசனா சும்மா இரு."

நாலு நாள் நல்ல மனுசனா சும்மா இருந்தேன்.

வியாழக்கிழமை டீ டைம்ல, கம்பெனி ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னாடி நின்னு 1098 போட்டேன். ஒரு புள்ளதான் எடுத்துச்சு, உன்ற வயசுதான் இருக்கும். பொறுமையாப் பேசுச்சு. பேரு கேட்டுச்சு, செல்லத்தாய்னு சொன்னேன். வயசு, சொன்னேன். "இப்ப எங்க சார் இருக்காங்க?" ஊர்லன்னேன். "எந்த ஊரு சார்?"

எனக்குத் தெரியலை கண்ணு.

தூத்துக்குடிப் பக்கம்னேன். "பக்கம்னா எந்தக் கிராமம் சார்? ஊரு தெரிஞ்சா உடனே ஆளனுப்பிருவோம்"னுச்சு. இருங்க, கேட்டுச் சொல்றேன்னேன். "நீங்க யாரு சார்? பயப்படாதீங்க, உங்க பேரை நாங்க வெளிய சொல்ல மாட்டோம்"னுச்சு. முன்னப்பின்ன தெரியாத புள்ள எனக்குக் குடுத்த வாக்கு அது. பட்டுனு கட் பண்ணிட்டேன்.

சாயங்காலம் லைன் வீட்டுக்கு ஓடுனேன். பூட்டு. குடும்பமே ஊருக்குப் போயிருச்சுன்னு வீட்டுக்காரர் சொன்னாரு. எந்த ஊருங்கன்னேன். "அவங்க ஊருதான்"னாரு.

கொட்டகைக்குப் போயி நம்ம ரெஜிஸ்டரை எடுத்துப் பாத்தேன். ஒம்பது வருசமா நானே ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டு எழுதற ரெஜிஸ்டர். பேரு இருக்குது. பொறந்த நாள் இருக்குது. இரட்சிக்கப்பட்ட தேதி இருக்குது. பிடிச்ச வசனம் இருக்குது, பிடிச்ச பாட்டுகூட இருக்குது. ஊரு எதுன்னு கேக்கற கட்டம் ஒண்ணு இல்லவே இல்ல. பதினாலு பேருக்கும் இல்ல. பரலோகத்துக்குப் போறதுக்கு வேணுங்கறதெல்லாம் எழுதி வெச்சிருக்கேன். தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினா எங்க எறங்கறதுன்னு எழுதலை.

வேடிக்கையா எழுதலாம்னுதான் உக்காந்தேன். வரலை.

அப்பா

*

மதுரை,
19.8.2024.

அப்பா,

நேத்து போன்ல வார்டன் பக்கத்துல இருந்ததால ஸ்கூல்ல கேளுங்கன்னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சது. ஸ்கூல் ரெஜிஸ்டர்ல சொந்த ஊர் கட்டாயம் இருக்கும். இன்னிக்குக் காலையில ஹெச்.எம். ரூமுக்குப் போயிருப்பீங்கன்னு நம்பறேன். ஆவணி பொறந்து மூணு நாளாச்சு.

மீதி விசயத்தை போன்ல சொல்ல முடியாது. இதுவரைக்கும் எதுலயும் சொன்னதில்லை.

நான் பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் உங்க வண்டிக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு, எனக்கு உயிரோட இருக்கவே பிடிக்கலைப்பான்னு சொன்னேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கா? நீங்க வண்டியை ஓரமா நிறுத்திட்டு அழுதீங்க. நுங்கு வாங்கிக் குடுத்தீங்க. நான் எவ்வளவு இலேசா வீட்டுக்கு வந்தேன் தெரியுமா? அப்பாகிட்ட எதையும் சொல்லலாம்னு நினைச்சேன்.

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல ஒரு சீட்டு வாசிச்சாங்க. "மனச்சோர்வில் இருக்கும் ஒரு ஊழியக்காரரின் மகளுக்காக." நீங்க பேர் போடலை. நான் அம்மா பக்கத்துல உக்காந்திருந்தேன். முடிஞ்சதும் நாலு அத்தைங்க வந்து என் தலையில எண்ணெய் வெச்சு ஜெபிச்சாங்க. பேய் பிடிச்சவளுக்கு ஜெபிக்கிற மாதிரி சத்தம் போட்டு. அப்புறம் ஒரு வருசம், யார் என்கிட்ட பேசினாலும் முதல்ல என் மணிக்கட்டைத்தான் பார்த்தாங்க.

நீங்க நல்லது நினைச்சுத்தான் செஞ்சீங்க. எனக்குத் தெரியும். அதனாலதான் உங்ககிட்ட சண்டை போட முடியலை. சண்டை போடறதுக்குப் பதிலா இவ்வளவு தூரத்துல காலேஜ் பார்த்தேன். போன் கிடையாதுன்னு ப்ராஸ்பெக்டஸ்ல படிச்சதும்தான் இந்தக் காலேஜே வேணும்னு சொன்னேன்.

அன்னிக்கே நான் உங்ககிட்ட இதைச் சொல்லியிருந்தா, செல்லத்தாய் சொன்னப்ப நீங்க சீட்டு எடுத்திருக்க மாட்டீங்க. அந்தப் பாதித் தப்பு என்னோடதுப்பா. அதுக்காகத்தான் இப்ப எழுதறேன்.

நிர்மலா

*

திருப்பூர்,
22.9.2024, ஞாயிறு.

நிர்மலாவுக்கு,

உன்ற லெட்டருக்குப் பதில் எழுத ஒரு மாசத்துக்கு மேல ஆயிருச்சு. நாலு ஞாயித்துக்கிழமை போன்லயும் நீ அதைப் பத்திக் கேக்கலை, நானும் பேசலை. சாப்பிட்டியா, சாப்பிட்டேன்னே போச்சு.

பாதித் தப்பு உன்னோடதுன்னு எழுதியிருந்தே. அதை மட்டும் அடிச்சுரு. அதுல உனக்குப் பங்கு கிடையாது.

நுங்கு வாங்கினது ஞாபகம் இருக்குது. சீட்டு எழுதினது ஞாபகமே இல்ல கண்ணு. எத்தனை யோசிச்சாலும் வரமாட்டேங்குது. உன்னை அத்தனை தூரம் வெரட்டுன சீட்டு, எனக்கு நூத்துல ஒண்ணு. இன்னும் எத்தனை புள்ளைங்க சொன்னதை அப்படி எழுதிப் போட்டேனோ.

உங்கம்மா கேட்டா, அத்தனை பெரிய லெட்டர்ல என்ன எழுதியிருக்கான்னு. பரீட்சை பத்தின்னு சொல்லிட்டேன். அவகிட்டச் சொல்றதும் சொல்லாததும் உன்ற இஷ்டம். நான் சொல்ல மாட்டேன்.

செல்லத்தாய் விசயம். நீ போன்ல சொன்னியே, மறுநா திங்கக்கிழமை நான் ஸ்கூலுக்குப் போகலை. புதன் வரைக்கும் ஷிப்மென்ட், மேனேஜர் லீவு குடுக்கலை. நானும் மல்லுக்கட்டிக் கேக்கலை. வியாழக்கிழமைதான் போனேன். ஹெச்.எம். ரெஜிஸ்டரைப் பிரிச்ச ரெண்டாவது நிமிசத்துல ஊர் பேரைச் சொன்னாங்க. அவங்களே 1098-க்குப் போட்டு, போனை என் கையில குடுத்தாங்க. என்ற பேரு, ஊரு, வேலை எல்லாம் சொன்னேன். அங்க அதிகாரிங்க அன்னிக்குச் சாயங்காலமே போயிட்டாங்க. அன்னிக்குக் காலையில ஆறு மணி முகூர்த்தத்துல தாலி ஏறிருச்சு.

திங்கக்கிழமை போயிருந்தா. அவ்வளவுதான் கண்ணு, இதுக்கு மேல அந்த வரியை எழுத முடியலை.

முனீஸ் ஜெயில்ல இருக்கான். செல்லத்தாயோட அம்மா மேலயும் கேசு. புள்ளையைப் பொண்ணுங்க காப்பகத்துல வெச்சிருக்காங்க. சொந்தக்காரங்க ஒருத்தரும் எட்டிப் பாக்கலையாம். குடும்பத்தை ஜெயிலுக்கு அனுப்பினவள்னு அந்தப் புள்ளையத்தான் ஊரே பேசுதாம், என்னையில்ல.

கொட்டகைப் பொறுப்பை விட்டுட்டேன்னு பாஸ்டர்கிட்டச் சொன்னேன். அவரு கையைப் புடிச்சுக்கிட்டு, "ஞாயித்துக்கிழமை சபைக்கு முன்னாடி சாட்சியாச் சொல்லுங்க பிரதர், பாரம் குறையும்"னாரு. மனசாரத்தான் சொன்னாரு. மறுபடியும் அந்தப் புள்ளைய மைக் முன்னாடி நிறுத்தறதுங்களான்னு கேட்டேன். புடிச்ச கையை விட்டுட்டாரு. கொட்டகையை இப்ப யாரும் நடத்தலை. வழியில நித்தீஷைப் பாத்தேன். எப்பவும் வண்டியை மறிச்சு ஏதாச்சும் கிண்டல் பண்ற பய. "வணக்கமுங்க அங்கிள்"னு மரியாதையாச் சொல்லிட்டு ஓரமாப் போயிட்டான்.

போன வாரம் காப்பகத்துக்குப் போனேன். உறவு என்னன்னு கேட்டாங்க. சர்ச் அங்கிள்னேன். அந்தக் கட்டத்துல அப்படி எழுத முடியாதுன்னாங்க. கடைசியில அந்த மேடம் எரக்கப்பட்டு பத்து நிமிசம் குடுத்து, பக்கத்துலயே உக்காந்துக்கிட்டாங்க.

இளைச்சிருந்துச்சு. "நிர்மலாக்கா எப்படி இருக்காங்க?"ன்னு கேட்டுச்சு. அப்புறம், இங்கயே படிக்க வெக்கறாங்களா, புஸ்தகம் வேணுமான்னு நான்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். எல்லாத்துக்கும் தலையாட்டுச்சு. மன்னிச்சுக்கோ சாமின்னேன். அதுக்கும் தலையாட்டுச்சு. ஆமான்னா இல்லைன்னான்னு எனக்கு வெளங்கலை.

எந்திரிக்கறப்ப, பழக்க தோசம், "தினமும் உனக்காக ஜெபிக்கறேன்மா"ன்னுட்டேன்.

அப்பத்தான் என்னை நேராப் பாத்துச்சு. "வேண்டாம் அங்கிள். என் பேரை இனிமே யார்ட்டயும் சொல்லாதீங்க. இயேசப்பாட்டயும் சொல்லாதீங்க"ன்னுச்சு.

சரி சாமின்னேன்.

காலையில கம்பெனிக்குப் போற வழியில, வண்டி ஓட்டிக்கிட்டே உங்க பேரெல்லாம் ஒவ்வொண்ணாச் சொல்லி ஜெபிச்சுட்டுப் போறது என்ற பழக்கம். உன்ற பேருல தொடங்குவேன், அப்புறம் பதினாலு பேரு, சிக்னல் வர்றதுக்குள்ள முடிஞ்சிரும். அங்கிருந்து வந்ததுல இருந்து செல்லத்தாய் பேரைச் சொல்றதில்ல. குடுத்த வாக்கு. ஆனா அவளுக்குச் சொல்லாம அடுத்தவங்களுக்குச் சொல்லவும் வாய் வரலை. அவங்களையெல்லாம் நான் கேட்டதே இல்லியே. இப்ப சும்மா வண்டி மட்டும் ஓட்டிக்கிட்டுப் போறேன்.

உன்னையும் கேட்டதில்ல. அதனால இப்பக் கேக்கறேன். உன்ற பேரைச் சொல்லலாமா வேண்டாமான்னு நீயே எழுது. அவசரமில்ல. வேண்டாம்னாலும் எழுது. நீ எழுதற வரைக்கும் சொல்ல மாட்டேன்.

அப்பா